வதனி மாஸ்டர்ஸ் படித்த கதை

வதனிக்கு ஓரிடத்தில் அடங்கி இருக்க வராது. மெட்ரோவில் இருக்கை காலியாகக் கிடந்தாலும் கதவோரம் நின்றுகொண்டுதான் போவாள். வீட்டுச் சோபா ஒரு மாதம் ஜன்னல் பக்கம் இருந்தால் மறு மாதம் சுவர்ப் பக்கம் இருக்கும். வேலையால் களைத்து வரும் அவள் கணவன் சாம்பவன், பழக்கதோஷத்தில் வெறும் இடத்தில் உட்காரப் போய் ஒருநாள் நிலத்தில் விழுந்தும் இருக்கிறான். "இந்த மனுசி பெட்டிக்குள்ள வச்சாலும் திரும்பித் திரும்பித்தான் படுக்கும்" என்று அவன் வருகிற ஆட்களிடமெல்லாம் சொல்வான். வதனியும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துக்கொண்டே எழுந்து அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

மட்டக்களப்புக்காரி. கல்லடியில் பிறந்து, வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டம் எடுத்து, தொண்ணூறுகளின் நடுவில் மொன்றியலுக்கு வந்தவள். வந்த புதிதில் புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினாள். மற்றப் பெண்கள் வீட்டுக் கதை பேசிக்கொண்டு அடுக்க, இவள் பிரெஞ்சு வினைச்சொற்களை முணுமுணுத்துக்கொண்டு அடுக்கினாள். பிறகு கல்லூரிக்குப் போய் மூன்று வருடம் சட்ட உதவியாளர் படிப்புப் படித்தாள், அதுவும் முழுக்கப் பிரெஞ்சில். முடித்த கையோடு பழைய துறைமுகப் பக்கம், நீதிமன்றத்துக்கு நடந்து போகும் தூரத்தில், மேத்ர் ரிவார் என்ற வழக்கறிஞரிடம் வேலை கிடைத்தது. 'மேத்ர்' என்பது அவருடைய பெயரில்லை. அங்கே வழக்கறிஞர்கள் எல்லோரையும் அப்படித்தான் மரியாதையாக அழைக்க வேண்டும். அந்தச் சொல்தான் பிற்பாடு வதனியின் தலைக்குள் புகுந்து ஆட்டிவைத்தது.

வேலை நல்ல வேலைதான். கடைக் குத்தகை, வீட்டு வாடகை, ஒப்பந்தச் சண்டை என்று வருகிறவர்களிடம் இவள் கதை கேட்பாள். மனுவை வரைந்து வைப்பாள். நீதிமன்றத்துக்கு ஓடிப் போய் முத்திரை வாங்கி வருவாள். ரிவார் பொறுமையாக வாசித்து, திருத்த வேண்டியதைத் திருத்தி, கையெழுத்துப் போட்டு, அங்கி மாட்டிக்கொண்டு போய் வாதாடுவார். கெட்டிக்கார மனிதர். குரலை உயர்த்தாமலே எதிராளியை உட்காரவைத்துவிடுவார். அவரிடம் வதனிக்கு ஒரு குறையும் இல்லை.

குறை வேறெங்கோ இருந்தது. ஒவ்வொரு வருடமும் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கென்று சட்டக் கல்லூரிப் பிள்ளை ஒன்று வரும். போட்டோகொப்பி மெஷினில் கடதாசி சிக்கினால் "வதனி, வதனி" என்று ஓடி வரும். கட்சிக்காரர் அழத் தொடங்கினால் இவளுடைய முகத்தைப் பார்க்கும். அடுத்த வருடம் அதே பிள்ளை கறுப்பு அங்கியோடு நீதிமன்றப் படியில் எதிர்ப்படும். எல்லோரும் அதை 'மேத்ர்' என்பார்கள். வதனியும் அப்படித்தான் சொல்ல வேண்டும். வாயால் சொல்லிவிடுவாள், வயிறு எரியும். பொறாமைதான், வேறு பெயர் வைத்து மூடி மறைக்க ஒன்றுமில்லை.

அந்த எரிச்சலில்தான் 2004 இல் ஒருநாள் மத்தியானம் பல்கலைக்கழகத்துக்குப் போய் விசாரித்தாள். வழக்கறிஞர் ஆவதென்றால் சட்டத்தில் முதல் பட்டத்திலிருந்து தொடங்க வேண்டும், பிறகு வழக்கறிஞர் சங்கத்தின் பள்ளிக்கூடம், பிறகு பயிற்சி என்றார்கள். முப்பத்தைந்து வயதில் பத்தொன்பது வயதுப் பிள்ளைகளோடு போய் வகுப்பு வாங்கில் இருப்பதா? அவளுக்கு ரோசம் வந்துவிட்டது. பக்கத்திலேயே இன்னொரு வழி இருந்தது. வேறு பட்டமும் சட்ட அலுவலக அனுபவமும் உள்ளவர்கள் மாலை வகுப்பில் படிக்கலாம். இரண்டே வருடத்தில் சட்டத்தில் மாஸ்டர்ஸ். அது வழக்கறிஞர் ஆக்காது என்று மேசையில் இருந்த பெண் மூன்று விதமாகச் சொன்னாள். வதனியின் காதில் மாஸ்டர்ஸ் மட்டும்தான் விழுந்தது.

ரிவாரிடம் சொன்னபோது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"படியுங்கள், நல்லது. ஆனால் வேலைக்காகப் படிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு படிக்காதீர்கள். உங்கள் வேலைக்கு வேண்டியது எல்லாம் உங்களிடம் இருக்கிறது. மாஸ்டர்ஸ் வந்தாலும் நீங்கள் நீதிபதி முன்னால் வாய் திறக்க முடியாது. இப்போது செய்வதைத்தான் செய்வீர்கள்."

சாம்பவன் அவ்வளவு நாசூக்காகச் சொல்லத் தெரியாதவன். லவாலில் ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை. காலை இருட்டோடு போய் விடுவான்.

"முடிச்சா லோயரா வரலாமோ?"

"இல்ல."

"சம்பளம் கூடுமோ?"

"உடன கூடாது."

"அப்ப என்னத்துக்கு வதனி?"

"சும்மா இருக்கச் சொல்லுறீங்களா?"

"அதைத்தான் எட்டு வருசமாச் சொல்லுறன்."

அவள் படித்தாள். வேலை முடிந்து வகுப்புக்கு ஓடி, வகுப்பு முடிந்து வீட்டுக்கு ஓடி, மகள் தக்ஷினியின் பள்ளிக்கூடக் கூட்டங்களுக்கு அரைவாசியில் போய் அரைவாசியில் வந்தாள். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்த நாட்களுக்குக் குறைவில்லை. தமிழ்க் கடையில் வரிசையில் நிற்கும்போதும் ஒப்பந்தச் சட்டம் வாசித்தாள். உண்மையைச் சொன்னால் அந்த இரண்டு வருடமும் அவள் சந்தோஷமாக இருந்தாள். ஓடுகிறவளுக்கு ஓட ஒரு திசை கிடைத்திருந்தது.

2006 கோடையில் பட்டமளிப்பு. ரிவார் பூங்கொத்துக் கொடுத்தார். மறுநாள் காலை அதே பூங்கொத்தின் பக்கத்தில் வழக்கமான கோப்புகளைக் கொண்டுவந்து வைத்தார். வதனி நகரத்து நடுவில் இருந்த பெரிய சட்ட நிறுவனங்களுக்கு விண்ணப்பம் போட்டாள். ஓரிடத்தில் மட்டும் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். முத்துமாலை போட்ட ஒரு பெண் அவளுடைய படிப்பை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"இவ்வளவு படித்துவிட்டு உதவியாளராக எத்தனை நாள் இருப்பீர்கள்? ஆறு மாதத்தில் சலித்துப் போய்விடுவீர்கள். சட்ட உதவியாளர் படிப்பு மட்டும் முடித்தவர்களைத்தான் நாங்கள் விரும்புகிறோம்."

அந்தப் படிப்பும் தன்னிடம் இருக்கிறது என்று வதனி சொன்னாள். தெரியும், ஆனால் அதற்கு மேலேயும் இருக்கிறதே என்றாள் முத்துமாலைக்காரி, ஏதோ வியாதியைப் பற்றிப் பேசுகிற குரலில். வெளியே வந்த வதனி, மெட்ரோ எடுக்காமல் வீடுவரை நடந்தாள். இரண்டு வருடத்தைக் கொண்டுபோய் ஆற்றில் கொட்டிவிட்டேனே என்று வழி முழுக்கக் குமைந்தாள்.

இந்த நேரத்தில்தான் கனகசிங்கத்தார் நுழைந்தார். சாம்பவனின் மூத்த அண்ணன். லவாலில் வீடு, வாசலில் இரண்டு கார், எந்த மண்டபத்தில் யாருக்குச் சடங்கு என்றாலும் முன்வரிசை நாற்காலி. தம்பி பெண்சாதி சட்டத்தில் மாஸ்டர்ஸ் எடுத்த செய்தி அவருக்கு வயிற்றில் நிற்கவில்லை. மொன்றியல் தமிழ்க் கடைகளில் இலவசமாகக் கிடக்கும் மாதப் பத்திரிகையில் அரைப் பக்க வாழ்த்து விளம்பரம் போட்டுவிட்டார். நடுவில் பட்டமளிப்புப் படம். கறுப்பு அங்கியில் வதனி. கீழே பெரிய எழுத்தில், 'எங்கள் குடும்பத்தின் முதற் சட்டத்தரணி திருமதி வதனி சாம்பவன் அவர்களை வாழ்த்துகிறோம்.'

வதனி பதறிப் போய்த் தொலைபேசியை எடுத்தாள்.

"பெரியத்தான், நான் சட்டத்தரணி இல்ல. மாஸ்டர்ஸ்தான் முடிச்சிருக்கன்."

"சட்டத்தில மாஸ்டர்ஸ் எடுத்த பிள்ளை சட்டத்தரணி இல்லாமப் பூசாரியா? கறுப்பு உடுப்பும் போட்டிருக்காய். சும்மா இரு பிள்ளை, எங்களுக்குப் பெருமை."

அவர் பேரில் முழுப் பிழையும் சொல்ல முடியாது. ஊர் முழுக்க அவரைப் போலத்தான் நினைத்தது. சட்டம் படித்து, கறுப்பு அங்கி போட்டு, படமும் எடுத்துக்கொண்டவள் லோயர். அதற்கு மேல் விளக்கம் கேட்கும் பழக்கம் நம்முடைய சனத்துக்கு ஏது? அங்கே வாடகைக்கு எடுத்த பட்டமளிப்பு அங்கி வேறு, நீதிமன்ற அங்கி வேறு என்று யாருக்குத் தெரியும்? வதனிக்குத் தெரியும். அவள்தான் சொல்லியிருக்க வேண்டும்.

முதலில் கூப்பிட்டது குணேஸ்வரி, கீழ்வீட்டுக்காரி. வீட்டுச் சொந்தக்காரன் வெப்பமூட்டியைத் திருத்துகிறான் இல்லை என்று ஒரு கடதாசியோடு மேலே வந்தாள். "லோயர் அம்மா, இதை ஒருக்காப் பாருங்களன்" என்றாள். அதுவரை 'வதனி, கறிவேப்பிலை இருக்கா' என்று கேட்டு வந்தவள். வதனி வாயைத் திறந்தாள், திருத்துவதற்குத்தான். ஆனால் அந்த அழைப்பு காதுக்குள் இறங்கி, நெஞ்சுக்குள் போய், வெதுவெதுப்பாக இருந்தது. "இருங்க அக்கா, தேத்தண்ணி போடுறன்" என்றுதான் சொல்ல வந்தது. சனிக்கிழமைகளில் கடதாசிகளோடு ஆட்கள் வர, மாடிப்படியில் சப்பாத்துகள் கூடத் தொடங்கின. சோபா இடம் மாறுவது நின்றுபோனதைச் சாம்பவன் கவனித்தான். ஆனால் அவனுக்கு அது பயமாக இருந்தது.

"உண்மையைச் சொல்லிப்போடு வதனி. பேந்து கஷ்டம் வரும்."

"நான் லோயர் எண்டு ஒருத்தருக்கும் சொல்லல்லையே."

"இல்லை எண்டும் சொல்லல்லையே."

அவள் எழுந்து தேநீர்க் கோப்பைகளைக் கழுவப் போனாள். அவன் சொன்னது சரியென்று தெரிந்தபடியால் கோபம் வந்தது. அடுத்த சனிக்கிழமை சொல்லிவிடுவேன் என்று நினைத்தாள். அடுத்த சனிக்கிழமையும் அப்படியே நினைத்தாள்.

கணேசலிங்கம் இப்படிப் புதிதாக வந்தவரல்ல; அவர் பழைய கட்சிக்காரர். திருகோணமலைக்காரர். பார்க் எக்ஸ்டென்ஷனில் மரக்கறிக் கடை வைத்திருந்தார். கட்டடத்தை வாங்கிய புதிய முதலாளி, குத்தகையை முறித்து அவரைக் கடையிலிருந்து எழுப்பப் பார்த்தான். அந்த வழக்கை ரிவாரிடம் கொண்டுவந்து சேர்த்ததே வதனிதான். கதை முழுவதையும் அவரிடமிருந்து தமிழில் கேட்டு, பிரெஞ்சில் எழுதிவைத்தவளும் அவள்தான். ரிவாரை அவர் ஒருமுறை கைகொடுத்துப் பார்த்ததோடு சரி. பத்திரிகையைக் கண்டதும் அவருக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது: இவ்வளவு நாளும் படித்துக்கொண்டிருந்த பிள்ளை இப்போது லோயர். இனி வெள்ளைக்காரன் எதற்கு? ஒரு பெட்டி மாம்பழத்தோடு வீட்டுக்கு வந்தார்.

"கோட்டில நீங்கள்தானே கதைப்பீங்கள் அம்மா? அந்த மனுசனுக்கு என்ர கடையைப் பற்றி என்ன தெரியும்?"

இது கேள்வி. நேரான கேள்வி. இல்லை என்ற ஒரு சொல் போதும். வதனி அவருடைய முகத்தைப் பார்த்தாள். அதில் இருந்த நம்பிக்கையைக் கலைக்க மனம் வரவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மையில் கலைக்க மனம் வராதது வேறொன்று.

"எல்லாம் பாத்துக்கொள்ளுவம் அண்ணை" என்றாள்.

நவம்பரில் வழக்கு. ரிவார் அங்கியோடு முன்னால் நின்றார். கோப்புப் பெட்டியைத் தூக்கி வந்த வதனி பின்வரிசை வாங்கில் இருந்தாள். நீதிபதி அம்மையார் உள்ளே வந்து அமர்ந்து, கட்சிகளின் பெயரை வாசித்தார். ரிவார் எழுந்து தாம் கணேசலிங்கத்துக்காக நிற்பதாகச் சொல்லத் தொடங்கியதுதான் தாமதம், கணேசலிங்கம் எழும்பிவிட்டார்.

"நோ, நோ. ஹி இஸ் நொட் மை லோயர்." திரும்பிப் பின்வரிசையைக் காட்டினார். "மை லோயர் இஸ் ஷி."

ரிவாருக்கு முதலில் விளங்கவில்லை. எதிர்க்கட்சி வழக்கறிஞர் பேனையை மேசையில் வைத்தார். கணேசலிங்கம் தன் ஆங்கிலம் முழுவதையும் ஒன்று திரட்டி விளக்கினார். இந்தப் பெண்மணிதான் தன் வழக்கைத் தொடக்கத்திலிருந்து நடத்தினவர், இப்போது பெரிய படிப்பு முடித்துச் சட்டத்தரணி ஆகிவிட்டார், பத்திரிகையிலும் வந்திருக்கிறது, ஆகையால் அவரே பேசட்டும், இந்த ஐயாவுக்கு நன்றி. கும்பிட்டும் விட்டார்.

நீதிபதி கண்ணாடிக்கு மேலால் பின்வரிசையைப் பார்த்தார்.

"மதாம், நீங்கள் வழக்கறிஞரா?"

வதனி எழுந்தாள். நீதிபதியின் முன்னால் எழுந்து பேச வேண்டும் என்று எத்தனை காலம் ஆசைப்பட்டிருப்பாள்! ரிவார் திரும்பிப் பார்க்கவில்லை. கணேசலிங்கம் திரும்பி அவளைப் பார்த்துத் தைரியம் சொல்லும் விதமாகத் தலையை ஆட்டினார். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

"இல்லை" என்றாள் பிரெஞ்சில். நீதிபதிக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. "நான் வழக்கறிஞர் இல்லை, மாண்புமிகு நீதிபதி அவர்களே. மேத்ர் ரிவாரின் சட்ட உதவியாளர்."

"இந்தக் கனவானுக்கு அது தெரியுமா?"

"நான் சொல்லவில்லை."

"உங்களுடையதல்லாத ஒரு பதவிப் பெயரில் ஆட்களிடம் பழகுவது இந்த மாகாணத்தில் குற்றம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்."

"தெரியும்."

தெரியாமல் என்ன? அதில் கட்டுரையே எழுதி நல்ல புள்ளி வாங்கியவள். நீதிபதி அதை அத்தோடு விட்டார். கட்சிக்காரர் தன் வழக்கறிஞரோடு பேசித் தெளிவுக்கு வரட்டும் என்று சிறிது நேரம் ஒத்திவைத்தார்.

வெளி மண்டபத்தில் கணேசலிங்கம் தூணில் சாய்ந்து நின்றார். கோபப்படுவார் என்று வதனி எதிர்பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் குழம்பிப் போயிருந்தார்.

"அப்ப அந்தப் படிப்பு?"

"படிச்சது உண்மைதான் அண்ணை. ஆனா அது லோயர்ப் படிப்பு இல்லை."

"உங்கட வேலைக்கு அது வேணுமோ?"

"தேவையில்லை."

"அப்ப என்னத்துக்குப் பிள்ளை படிச்சனீங்கள்?"

சாம்பவன் கேட்ட கேள்விதான். இரண்டு வருடத்துக்கு முன் அதற்கு அவள் வெடுக்கென்று பதில் வைத்திருந்தாள். இப்போது அறிவுக்காக என்று சொல்லலாம், அது பாதி உண்மை. நீங்கள் எல்லோரும் 'லோயர் அம்மா' என்று கூப்பிடுகிறீர்களே, அதற்காகத்தான் என்பது மீதி. அதை அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? கண் நிறைந்து வழிந்தது. வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் அப்படி ஒரு வெட்கத்தை அவள் பட்டதில்லை.

"மன்னிச்சுக்கொள்ளுங்க அண்ணை. ரிவார் நல்ல லோயர். நான் எழுதின உங்கட கதையைத்தான் அவர் சொல்லப் போறார். அவரை விட்டுடாதீங்க."

கணேசலிங்கம் உள்ளே போய் ரிவாரின் பக்கத்தில் அமர்ந்தார். வழக்கு நடந்தது. கிறிஸ்மஸுக்கு முன் தீர்ப்பும் வந்தது, கடை தப்பியது. அதற்குப் பிறகு வதனி கடைக்குப் போனால் அவர் மிச்சக் காசைத் தந்து "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்வார், வேற்றாளுக்குச் சொல்வது போல.

வழக்கு நடந்த அன்று பின்னேரமே ரிவார் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கத்தவில்லை. அவருக்குக் கத்த வராது.

"உங்களை இழக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் எந்தப் பத்திரிகையில் அது வந்ததோ அதே பத்திரிகையில் திருத்தம் வரவேண்டும். அதே அளவில். வராவிட்டால் உங்களை வைத்திருக்க என்னால் முடியாது."

வீட்டில் சாம்பவன் 'நான் சொன்னேனே' என்று சொல்லவில்லை. அதற்காக அவனுக்குப் பெரிய மனது என்றுதான் சொல்ல வேண்டும். கனகசிங்கத்தார்தான் குதித்தார். "குடும்ப மானத்தைக் கடையில தூக்கிப் போடப் போறியா? சனம் சிரிக்கும்" என்றார். வதனி அவருக்குப் பதில் சொல்லாமல் தானே பத்திரிகைக்காரரிடம் போய் வசனத்தை எழுதிக் கொடுத்தாள். 'திருமதி வதனி சாம்பவன் சட்டத்தரணி அல்ல என்பதை அறியத் தருகிறோம்.' அவ்வளவுதான். அதே அளவு என்றபடியால் இடத்தை நிரப்ப ஏதாவது வேண்டுமே என்று பத்திரிகைக்காரர் தம் இஷ்டத்துக்குப் பழைய படத்தையே நடுவில் போட்டுவிட்டார். கறுப்பு அங்கி, கையில் சுருட்டிய பட்டம், வாய் நிறையச் சிரிப்பு. கீழே 'சட்டத்தரணி அல்ல.'

பத்திரிகை கடைகளுக்கு வந்த சனிக்கிழமை தொலைபேசி காலையிலேயே அடிக்கத் தொடங்கியது. சனம் சிரிக்கும் என்றுதான் வதனி நினைத்திருந்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் துக்கம் விசாரித்தார்கள்.

"என்ன பிள்ளை, பட்டத்தைப் பறிச்சுப்போட்டாங்களாமே?"

"வெள்ளையன் எங்கட ஆக்களை மேல வர விடமாட்டான் எண்டு தெரியுந்தானே."

"என்ன பிழை விட்டனீங்கள்? எங்களுக்குச் சொல்லலாந்தானே."

ஒவ்வொருவருக்கும் வதனி நின்றபடியே சொன்னாள். பறிக்கவில்லை. நான் ஒருநாளும் லோயராக இருந்ததில்லை. உதவியாளர். அன்றும் உதவியாளர், இன்றும் உதவியாளர். முதலில் சொன்னபோது இரண்டு தரம் தொடங்க வேண்டியிருந்தது. மத்தியானம் ஆக ஆக விலாசம் சொல்வது போலச் சொல்ல வந்தது. நம்பினவர்கள் குறைவு. 'பாவம், மறைக்கிறாள்' என்ற தொனியில்தான் பலரும் தொலைபேசியை வைத்தார்கள்.

பின்னேரம் குணேஸ்வரி கீழிருந்து ஏறி வந்தாள். கையில் ஒரு சட்டி இடியப்பப் புட்டு. செத்த வீட்டுக்குக் கொண்டு போகிற மாதிரி மூடி, மெதுவாக மேசையில் வைத்தாள். சாம்பவனும் தக்ஷினியும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். வதனி காலையிலிருந்து சொன்னதை அவளுக்கும் முதலிலிருந்து சொன்னாள். குணேஸ்வரி தலையாட்டித் தலையாட்டிக் கேட்டாள். ஒரு சொல்லும் ஏறவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"அது சரி அம்மா. திரும்ப எப்ப தருவாங்களாம்?"

வதனி இன்னொரு தரம் விளக்க வாயெடுத்தாள். அவளுடைய நாக்கு வேறொன்றைச் சொன்னது.

"முதல்ல இருந்து படிக்கோணும் அக்கா. பள்ளிக்கூடம், பயிற்சி எல்லாம் சேத்து ஒரு அஞ்சு வருசம் ஆகும்."

சாம்பவன் வாய்க்குக் கொண்டுபோன புட்டைத் திரும்பத் தட்டில் வைத்தான்.